வெறும் தண்ணீரில் மூன்று

"நல்ல தண்ணியில இருந்ததும் செத்துப்போச்சுன்னா, அது யாரும்மா பண்ண தப்பு?"

கைஸா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிப் பேருந்து வரப் பத்து நிமிடம் இருந்தது. மார்லிஸ் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "அப்படின்னா அது அம்மா பண்ண தப்பு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். குழந்தைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்றது. பேருந்து வந்தது. கேள்வியும் அதோடு போய்விட்டது என்றுதான் மார்லிஸ் நினைத்திருந்தாள். பதினான்கு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதக் காலையில், டுலூத் நகரில் கல்லூரி விடுதியில் இருக்கும் மகளின் அந்தக் குரல் காதுக்குள் அப்படியே திரும்பி வந்தது.

மார்லிஸ் நியெமெலாவின் வேலை எண்ணுவது. லார்ச் பாயின்ட்டில் ஏரிக்கரையை ஒட்டிய பழைய பம்ப் வீட்டின் இரண்டு அறைகள்தான் ஆய்வகம். தலைமை அலுவலகம் டுலூத்தில் இருந்தது. இங்கே எல்லாம் அவள் ஒருத்திதான். கரை நெடுக உள்ள ஆலைகள் புதிதாக ஒரு ரசாயன மருந்தைப் பயன்படுத்த நினைத்தால், அதில் ஒரு கேனை அவளிடம் அனுப்புவார்கள். அவள் அதை ஐந்து அளவுகளில் ஏரித் தண்ணீரில் கலந்து சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றுவாள். ஒவ்வொரு அளவுக்கும் நான்கு கோப்பை, கோப்பைக்கு ஐந்தாக இருபது தண்ணீர்த் தெள்ளு விடுவாள்; ஏரி மீன்களுக்கு இரையாகும் பொடிப் பூச்சி. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள், உப்புப் பரல் அளவுதான் இருக்கும். அகல வாய்ச் சொட்டுக்குழாயில் ஒவ்வொன்றாக எடுத்து, குழாயின் நுனியைத் தண்ணீருக்குள்ளே அமிழ்த்தி விடவேண்டும். மேலே இருந்து போட்டால் ஓட்டுக்குள் காற்று புகுந்து மிதந்துவிடும். இரண்டு நாள் கழித்து எத்தனை நீந்துகின்றன, எத்தனை விழுந்துவிட்டன என்று எண்ணி எழுதவேண்டும்.

ஆறாவது வரிசையில் மருந்தே இருக்காது. வெறும் தண்ணீர். அதிலுள்ள இருபதில் இரண்டு போகலாம். மூன்றாவது போனால் மொத்தச் சோதனையும் செல்லாது. நல்ல தண்ணீரிலேயே உயிர் தங்கவில்லை என்றால், மருந்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, நல்லது என்று சொல்லவும் முடியாது.

அன்று காலை அவள் விளக்கு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, கண்ணைத் திறந்து வையும். கையைப் பொய் எழுத விடாதேயும்.' இருபது வருடமாக இதே இரண்டு வரி ஜெபம்தான். பக்கத்தில் காகித ஆலையின் கிளென் ஹோக்லண்ட் கையில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். ஆலையிலிருந்து ஏரிக்குப் போகும் கழிவுநீருக்கு அவர்தான் பொறுப்பு. பாவம், நல்ல மனிதர். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத முகம்.

காகிதக் கூழில் பாசி பிடித்து வழவழப்பு ஏறாமல் இருக்க ஆலையில் ஒரு மருந்து ஊற்றுவார்கள். பழைய மருந்தை மாநில அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. புதிய மருந்துக்கு மார்ச் முப்பத்தொன்றுக்குள் சோதனை முடிவு வேண்டும். வராவிட்டால் இரண்டாம் இயந்திரத்தை இந்த வருடம் ஓட்டுவதில்லை என்று முதலாளிமார் சொல்லியிருந்தார்கள். அந்த இயந்திரத்தை நம்பி அறுபத்துநான்கு பேர் ஜனவரியிலிருந்து வீட்டில் இருந்தார்கள். அதில் ஒருவன் மார்லிஸின் கணவன் ரெய்னோ; ஆலையில் குழாய் பொருத்துகிறவன்.

அவள் வெறும் தண்ணீர் வரிசையில் எண்ணினாள். முதல் கோப்பையில் ஐந்தும் நீந்தின. இரண்டாவதில் ஒன்று விழுந்திருந்தது. மூன்றாவதிலும் ஒன்று. நான்காவதில் நான்கு நீந்தின. ஐந்தாவது தெள்ளு அடியில் கிடந்தது.

கோப்பையை மெல்லச் சுழற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து நொடி.

"அசையுது பாருங்க" என்றார் கிளென் குனிந்து.

"கால்தான் துடிக்குது. நீந்தல."

"உயிர் இருக்குல்ல?"

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி போன்ற அந்த உடம்புக்குள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. நின்று நின்று அடித்தது.

"இருக்கு. ஆனா பதினைஞ்சு நொடியில நீந்தலைன்னா விழுந்ததுன்னுதான் கணக்கு. மருந்துக் கோப்பையில இப்படி ஒண்ணு கிடந்தா விழுந்ததுன்னுதானே எழுதுவேன்? இங்க மட்டும் எப்படி மாத்தி எழுதறது?"

"மார்லிஸ்." அவர் காபியைக் கீழே வைத்தார். "நான் பொய் எழுதச் சொல்லல. இன்னொரு தடவை சுழட்டிப் பாருங்கன்னு சொல்றேன். உங்க வீட்டு ஆளும்தானே அந்த அறுபத்துநாலுல ஒருத்தர்."

"ஒரு தடவைதான் சுழட்டணும் கிளென். எனக்குத் தோதா வர்ற வரைக்கும் சுழட்டிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் சோதனை இல்ல."

அவள் மை பேனாவால் மூன்று என்று எழுதினாள். கிளென் காபியை அப்படியே விட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போனவர் திரும்பி, "இன்னும் பதினேழு நாள் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

மகளின் கேள்வி வந்தது அப்போதுதான்.

*

அவள் வளர்ப்புத் தொட்டிகளைப் பார்த்தாள். சில நாளாகவே மனசுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. தெள்ளுகளில் எல்லாம் பெண்தான். துணை இல்லாமலே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கெட்டு, காலம் கெட்டால்தான் ஆண் பிறக்கும். பிறகு தாய்களின் முதுகில் சேணம் வைத்த மாதிரி கறுப்பு முட்டைப் பொதி ஏறும், கஷ்ட காலத்தைத் தாண்டிப் பிழைப்பதற்காக. இந்த விஷயத்தைக் கல்யாணமான புதிதில் ரெய்னோவிடம் சொல்லி மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவன் வேலை முடிந்து வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு ஆம்பள எவனாச்சும் பொறந்தானா?"

இப்போது தொட்டியின் அடியில் கறுப்புப் பொதிகள் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கிடந்தன.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது வெண்ணெயும் டர்னிப்பும் வேகும் வாசனை வந்தது. வேலை நின்ற நாளிலிருந்து சமையல் ரெய்னோ கையில். மாவுப் பொதிக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தைக் குழாய்க்கு மரை போடுகிறவன் கணக்காக நெருக்கி நெருக்கி முறுக்கியிருந்தான்.

"உட்காரு. சூடா இருக்கு" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "கேள்விப்பட்டேன்" என்றான்.

"அதுக்குள்ளயா?"

"காபிக் கடையில பேசாததா? அந்த லாரி பெக்மன் சொல்றான், மூணாவது பூச்சிக்கு நெஞ்சு அடிச்சுதாம், நீதான் அதைக் கொன்னுட்டியாம். நான் சொன்னேன், என் பொண்டாட்டி ஈயைக்கூட வெளிய விட்டுத்தான் கதவைச் சாத்துவான்னு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல." பொதியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தான். "தப்பா எழுதிட்டு வந்திருந்தா மூஞ்சியை இன்னும் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருப்ப. எனக்குத் தெரியாதா? சாப்பிடு. என்ன ஆனாலும் உன் தண்ணி நிக்காது. அந்த வேலை நான் பண்ணினது. முப்பது வருஷம் உழைக்கும்."

பிப்ரவரிக் குளிரில் ஆய்வகத்துக்கு ஏரித் தண்ணீர் வரும் குழாய் சுவருக்குள் வெடித்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் நிலவறையில் காபிகூடக் குடிக்காமல், ரெய்னோ தன் கருவிப் பெட்டியோடு போய் அதைச் சரிசெய்தான். காசு கொடுக்க வந்த தலைமை அலுவலகத்தாரிடம் வேண்டாம் என்றுவிட்டான். அந்தக் குளிர்காலத்தில் அவன் தலை நிமிர்ந்து பேசிய காரியம் அது ஒன்றுதான்.

*

இரண்டாம் நாள் காலை ஒரு பழைய வண்டி பம்ப் வீட்டின் முன்னால் பனியை நெரித்துக்கொண்டு நின்றது. இறங்கியது வெர்னா காடோட். மேற்கே ஒஜிப்வே பூர்வகுடியினர் குடியிருப்பின் மீன் பண்ணையையும் அதன் தண்ணீர் ஆய்வகத்தையும் பார்த்துக்கொள்கிறவள். வயது அறுபதை நெருங்கும். ஆலைக் கழிவுநீர் போய்ச் சேர்வது அவர்கள் வலை போடும் விரிகுடாவில்தான். அரசுக் கூட்டங்களில் வெர்னா ஒரு பக்கமும் ஆலைக்காரர்கள் ஒரு பக்கமும்தான் உட்காருவார்கள். மார்லிஸ் எப்போதும் நடுவில் எங்கோ, சுவரோரமாக.

வெர்னாவின் கக்கத்தில் ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. குளிர் தாக்காமல் இருக்க அதன்மேல் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டியிருந்தாள். மேலே சிவப்புக் கரை. குதிகாலில் ஓட்டை.

"என்ன பாக்கற? இன்னொண்ணு என் கால்ல இருக்கு" என்றாள் வெர்னா. "இந்தா. எண்பது தாய்த் தெள்ளு. எல்லாத்துக்கும் வயிறு நெறஞ்சிருக்கு. நாளைக்கோ மறுநாளோ குஞ்சு போடும்."

மார்லிஸ் ஜாடியை வாங்கிக்கொள்ளவே கை நீட்டவில்லை. "வெர்னா, உங்களுக்குத் தெரியும்ல இது எதுக்குன்னு? மில்லுக்காரங்க மருந்து."

"தெரியாமலா அறுபது மைல் ஓட்டிக்கிட்டு வந்தேன்?"

"உங்க ஆளுங்க என்ன சொல்வாங்க?"

"எங்க ஆளுங்களும் உங்க ஆளுங்க மாதிரிதான், வாய் இருக்கிறவங்க பேசுவாங்க. சோதனை நின்னுபோனா மில்லு படுத்துடும், நல்லதுன்னு பாதிப் பேர். அப்புறம் அதே மில்லு ரெண்டு வருஷம் கழிச்சு இதைவிடக் கேவலமான ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வரும். அப்ப எண்ணறது யாரு?" ஜாடியை மேசையில் வைத்தாள். "நீ மூணுன்னு எழுதினியாமே."

"ஆமா."

"ரெண்டுன்னு எழுதியிருந்தா இந்தக் காலுறை என் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். காபி இருக்கா?"

மார்லிஸ் காபி ஊற்றி, முந்தின நாள் சுட்ட ஏலக்காய்ப் பின்னல் ரொட்டியை வெட்டி வைத்தாள். வெர்னா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி வந்தாள். கறுப்புப் பொதிகளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"என் பொண்ணுங்களை இந்தத் தண்ணியில விடாத. அதுங்க வந்த தண்ணியிலயே இருக்கட்டும். முதல்ல இதுக்கு என்ன நோவுன்னு பாரு. தீனியை மாத்துனியா?"

"இல்ல."

"சோப்பு? புதுக் கண்ணாடி? கையில க்ரீம் தடவற பழக்கம் உண்டா?"

"இல்ல வெர்னா. எல்லாம் அதே."

"தண்ணி வர்ற வழியில?"

மார்லிஸின் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது.

இருவரும் சுவரோரம் போனார்கள். ரெய்னோ அடித்திருந்த பலகைப் பெட்டியின் திருகுகளை மார்லிஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரிக் குளிர்தடுப்பு. அதை விலக்கினாள். ஆறடி நீளத்துக்குப் புத்தம்புதுச் செம்புக் குழாய், கல்யாண வீட்டுப் பாத்திரம்போல் மின்னியது. இணைப்புகளில் ஈயம் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. நடுவில் ஒரு பித்தளை வால்வு.

அந்த ஆய்வகத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் உலோகம் என்று ஒரு ஆணி கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக், கண்ணாடி. மனிதன் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவுச் செம்பு தெள்ளைக் கொன்றுவிடும். இந்த ஏரித் தண்ணீரோ சப்பென்ற மென்தண்ணீர், செம்பைச் சுரண்டிக்கொண்டே வரும். இந்தத் தொழிலில் நுழைகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் இது. குழாய்த் தொழிலில் நுழைகிறவனுக்கு முதல் நாள் சொல்லும் பாடம் வேறு: பிளாஸ்டிக் என்பது மட்டம், அக்கறை இல்லாதவன் போடுவது.

வெர்னா நெடுநேரம் அந்த இணைப்புகளையே பார்த்தாள்.

"நல்ல கைவேலை" என்றாள் கடைசியில். "யாரு?"

"என் வீட்டுக்காரர்."

வெர்னா சிரிக்கவில்லை. அதற்காக மார்லிஸ் அவளை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவள், "மெதுவா சொல்லு" என்றாள். "ரெண்டு மாசமா வீட்டுல உட்கார்ந்திருக்கிற ஆம்பள. செம்பைவிட வார்த்தை சீக்கிரம் ஏறிடும்."

*

மெதுவாகச் சொல்வது எப்படி என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை சொல்ல நினைத்தாள். அன்று அவன் பனி வாருகிறபோது பாடிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவன் மரம் பிளந்துகொண்டிருந்தான். சனிக்கிழமை சவ்னாக் குளியலறையில் நீராவிக்கு நடுவே இருவரும் மேல்பலகையில் உட்கார்ந்திருந்தபோது, வாய்வரை வந்ததை விழுங்கினாள். அந்த இருட்டுச் சூட்டில் மனிதனை வெறும் தோலோடு உட்கார வைத்துக் காயப்படுத்தக்கூடாது என்று தோன்றியது. எழுந்து வரும்போது, "நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் என்கூட ஆய்வகத்துக்கு வர்றியா? உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு மதியம் ஏரிமேல் வெயில் அடித்தது. பனிப்பாளம் விலகி, கரையோரம் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. ரெய்னோ கோயில் சட்டையோடு விளக்கு மேசைமுன் உட்கார்ந்தான். அவள் இரண்டு கோப்பைகளை வைத்தாள்.

"ரெண்டுலயும் பத்துப் பத்து. வெர்னாவோட குஞ்சுங்க. இது அவங்க கொண்டுவந்த தண்ணி. இது நம்ம குழாய்த் தண்ணி."

முதல் கோப்பையில் பத்தும் துள்ளித் துள்ளி ஏறி இறங்கின. அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "அட, குட்டித் தவளை மாதிரில்ல குதிக்குதுங்க!" பிறகு மற்றதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கண் மெதுவாக எழுந்து, சுவரோரம் திறந்து கிடந்த பலகைப் பெட்டிக்குப் போயிற்று.

"என் குழாயா?"

"செம்பு அதுங்களுக்கு ஆகாது, ரெய்னோ."

"ஓட்டை இருக்கா?"

"ஓட்டை ஒண்ணும் இல்ல. அழகா இருக்கு. செம்புதான்."

அவன் பெரிய கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். ஈயத்தில் சுட்ட பழைய தழும்புகள் அவற்றில் வெளுத்துத் தெரிந்தன.

"பிளாஸ்டிக் குழாய் என் வண்டியில கிடந்துச்சு" என்றான். "இவ வேலை பார்க்கிற இடத்துல போய் இந்த மட்டமானதைப் போடறதான்னு, நானே கடைக்குப் போய் வாங்கினேன்."

"தெரியும்."

"அறுபத்துநாலு பேர் மார்லி. என்னையும் சேத்து."

"உன்மேல தப்பில்ல. பெட்டியைத் தொறந்து பாக்கவேண்டியது என் வேலை. ஆறு வாரமா ஒரு நாள்கூடப் பாக்கல. நீ பண்ணினதுன்னு நெனச்சா பாக்கணும்னே தோணல எனக்கு. ஆய்வகத்தோட தப்பு, தண்ணி கெட்டதுன்னுதான் கிளென்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். உன் பேரு எங்கயும் இல்ல."

அவன் அந்த இரண்டாவது கோப்பையை ஒருமுறை மெல்லச் சுழற்றினான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "ஆம்பள பொறந்தானா?"

"நெறையப் பொறந்தாங்க."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கணும் நீ" என்றான். சிரிப்பு முழுதாக வரவில்லை. ஆனால் வந்தது.

கோயில் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அப்போதே வேலையைத் தொடங்கினான். தான் ஒட்டிய இணைப்புகளைத் தானே அறுத்தான். வண்டியில் கிடந்த பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து போட்டான். தொட்டிகள் அத்தனையையும் காலிசெய்து, அமிலத்தில் கழுவி, ஏரித் தண்ணீரில் ஏழுமுறை அலசினார்கள். மறுநாள் காலை அவன் காபிக் கடைக்குப் போனான். லாரி பெக்மனும் மற்றவர்களும் இருந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, "அந்தப் பூச்சியைக் கொன்னது மார்லிஸ் இல்ல, நான். செம்புக் குழாய் போட்டேன். இனி ஏதாவது பேசணும்னா என்கிட்ட பேசுங்க" என்றான். அப்புறம் லாரி பெக்மன் நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டு, "நின்னுக்கிட்டே குடிப்பியா? உட்காரு" என்றான். இதை அவள் பின்னால் கிளென் சொல்லித்தான் கேட்டாள். ரெய்னோ சொல்லவே இல்லை.

*

வெர்னாவின் எண்பது தாய்களும் குஞ்சு போட்டன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாயாகிக் குஞ்சு போட்டன. மார்ச் இருபத்தாறில் இரண்டாம் சோதனை தொடங்கியது. இருபத்தெட்டில் எண்ணினாள். கிளென் இந்தத் தடவை காபி கொண்டுவரவில்லை. அவளோடு சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெறும் தண்ணீரில் இருபதும் நீந்தின.

ஆலை கேட்ட அளவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிளென் மூச்சை விடுவது கேட்டது. அதில் பாதி அளவில் ஏழு விழுந்திருந்தன. கால் அளவிலும் அதற்குக் கீழும் அத்தனையும் துள்ளின. அவள் அப்படியே எழுதினாள். இருபது நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் அரசு அனுமதி கொடுத்தது. மருந்து கால்பங்குதான். கழிவுநீர் ஏரிக்குப் போகுமுன் குட்டையில் இரண்டு நாள் கூடுதலாக நிற்கவேண்டும். குட்டையைப் பெரிதாக்கும் வேலைக்கே பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். வெர்னா கூட்டத்தில் எழுந்து, "இதை நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்" என்றாள். கிளென், "பாருங்க" என்றார். மே மாதம் இரண்டாம் இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று ரெய்னோ விடியுமுன்பே எழுந்து சோற்றுப் பெட்டியைத் தானே கட்டிக்கொண்டான்.

ஜாடிக்காக மார்லிஸ் ஒருமுறை நன்றி சொல்லப் பார்த்தாள். வெர்னா, "என் ஜாடி எங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். காசு என்ற சொல்லை எடுத்திருந்தால் அவள் கோபித்துக்கொண்டிருப்பாள். காலுறை மட்டும் மார்லிஸின் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

அக்டோபரில் ஏரிமேல் பெருங்காற்று அடித்தது. மேற்குக் கரையில் மரங்கள் சாய்ந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. நான்காம் நாள் கூட்டுறவுக் கடையில் வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: ஒஜிப்வே பண்ணையில் மீன்களை எப்படியோ காப்பாற்றிவிட்டார்களாம், ஆய்வகத்துச் சின்ன உயிர்கள்தான் எல்லாம் போய்விட்டனவாம்.

அன்று மாலை அவள் அந்தக் குதிகால் ஓட்டையைத் தைத்தாள். ஒத்துப்போகும் சாம்பல் நூல் கிடைக்கவில்லை. நீல நூலால் தைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் போய்ச் சேர்ந்தபோது ஒஜிப்வே குடியிருப்பு இன்னும் எழுந்திருக்கவில்லை. பண்ணையின் பின்வாசலில் பூட்டு தொங்கியது. காற்று சுத்தமாக அடங்கி, ஏரி தட்டுப்போல் கிடந்தது. மார்லிஸ் ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். நூறு தாய்கள். அவளே ஒவ்வொன்றாக எடுத்து விட்டவை. எல்லாம் வெர்னாவின் எண்பதின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். வயிறு நிறைய முட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

காலுறையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஜாடியைப் படியின் உள்மூலையில், காற்று படாத இடத்தில் வைத்தாள். சீட்டு எதுவும் எழுதவில்லை. ஆராதனை மணிக்கு முன் ஊர் திரும்ப அறுபது மைல் இருந்தது. சத்தம் கேட்காதிருக்க, சரிவில் சாலைவரை வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய், அங்கே வந்த பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினாள்.